இரண்டாம் கொக்கி

சாட்சிப் பொருள் ஒன்று:
இரட்டைக்குழல், பன்னிரண்டாம் துளை,
பயிர்ப் பாதுகாப்பு உரிமம்.
களக்காட்டுக்கு மேற்கே ஓர் ஏத்தன் வாழைத் தோட்டத்திலிருந்து
சாக்கில் சுருட்டி, அரக்கு வைத்து
ஆடிச் சாரலின் ஈரத்தோடு என் மேசைக்கு வந்தது.

பன்றிக்காவல் பரணிலிருந்து வழுக்கி
எல்லைக்கல்லில் விழுந்து வெடித்ததாக பிரமநாயகம் சொல்கிறார்.
செத்தது தங்கை புருஷன் பலவேசம்.
அந்தக் கல்லை நகர்த்தியது யார் என்று
இரண்டு வருஷமாக அவர்களுக்குள் பேச்சில்லை.

‘பட்டன் போட்டிருந்துச்சா, மேடம்?’
வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
போட்டிருந்தது.
கழுத்தில் பொன்னெழுத்து பளிச்சென்று தெரிந்தது: ஸேஃப்.
‘அப்போ எப்படி வெடிக்கும்?’

பட்டன் விசையை மட்டும்தான் பிடிக்கும், ஐயா.
விரலை நம்பாதவன் செய்த பட்டன் அது.
கல்லைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

மீதியைக் கூண்டில் சொல்ல நேரம் தரவில்லை.

எங்கள் ஆய்வகத்து மூலையில் மூன்று காலம் சாய்ந்து நிற்கிறது.
மூத்ததற்குக் குதிரைகள் வெளியே,
மிரண்ட ஆட்டின் காதுகள் மாதிரி.
ஏற்றியிருக்கிறதா இல்லையா,
பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம்.
பாதியில் நிறுத்தித் தோளில் போட்டு நடப்பார்கள்.
உடைமுள் மாட்டி இழுத்தால் தீர்ந்தது.

அடுத்ததில் குதிரைகளை உள்ளே கட்டிவிட்டார்கள்.
முள் மாட்டாது.
கண்ணுக்கும் படாது.
குழலை மடக்கி நிமிர்த்தினாலே ஏறிக்கொள்ளும்.
தெரியாமல் போனதற்கு ஈடாக ஒரு பட்டன்.

பிறகு யாரோ எங்கோ கைதவற விட்டிருக்க வேண்டும்.
விரல் படாமலே கொக்கி தன் காடியைவிட்டு நழுவியிருக்க வேண்டும்.
வரைபடத்தில் அம்புக்குறி இருக்கிறது, எண் இருக்கிறது.
செத்தவன் பேர் இல்லை.
அப்புறம் வந்தது இரண்டாம் கொக்கி.

சும்மா இருப்பதுதான் அதற்கு வேலை.
குதிரையைத் தொடாமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும்.
விசையை இழுத்தால் மரியாதையாக ஒதுங்கும்.
இழுக்காமல் குதிரை பாய்ந்தால் மட்டும்
குறுக்கே பாயும்.

இந்தத் துப்பாக்கியிலும் இருந்தது, இரண்டு பக்கமும்.
ரப்பர் விரிப்பில் வெறுந்தோட்டா போட்டு, பரண் உயரத்திலிருந்து
முப்பது முறை விழவிட்டேன்.
இடது குதிரை இரண்டு முறை நழுவியது.
இரண்டு முறையும் பாதி வழியில் தொங்கியது,
கொக்கியின் பிடியில்.
வலது நான்கு முறை நழுவியது.
நான்கு முறையும் அடித்தது.

தகட்டைக் கழற்றினேன்.
வலதுபக்க இரண்டாம் கொக்கி
தேங்காயெண்ணெயில் ஒட்டி, பழுப்பேறி,
பிசின் பிடித்த பல்லிபோல் அசையாமல் கிடந்தது.
யாரோ பிரியமாகத்தான் ஊற்றியிருக்கிறார்கள்.
துருப்பிடிக்கக் கூடாதென்று.

‘தானாக வெடிக்க முடியுமா? ஆமாவா, இல்லையா?’
முடியும்.
‘வெடித்ததா?’
அதை நான் சொல்ல முடியாது.
தட்டச்சர் முதல் பதிலை அடித்துவிட்டு
என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வராந்தாவில் சண்முகவடிவு நின்றாள்.
செத்தவனுக்குப் பெண்டாட்டி, சுட்டவனுக்குத் தங்கை;
எந்தப் பக்கத்து பெஞ்சில் உட்கார என்று
காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள்.
‘எங்க அண்ணன் விசையத் தொடலன்னு சொல்லுதியளா?’
தொட்டிருக்கணும்னு இல்லம்மா. அவ்வளவுதான்.
‘தோட்டா ஒண்ணுதான கெடந்துச்சு.
அத எடது பக்கம் போட்டிருந்தா?’

முன்விசை வலதுக்கு; எல்லோருக்கும் அதுதான் பழக்கம்.
இதைச் சொன்னேனா, நினைத்தேனா
இப்போது நினைவில்லை.
பாளையங்கோட்டை பஸ் வந்துவிட்டது, அவள் ஏறவில்லை.

சாட்சிப் பொருளைத் துடைக்கக் கூடாது, விதி.
திருகாணிகளை வந்த வரிசையில் முடுக்கி
அரக்கை உருக்கினேன்.
உள்ளே அந்த எண்ணெய் அப்படியே இருக்கிறது.